அன்புள்ள குழந்தை இயேசுவுக்கு...
பிள்ளைகள் எழுதிய கிறிஸ்மஸ் கடிதங்களின் கதை

(திருவருகைக் கால வானொலி மறையுரை)



கடந்த ஆண்டு திருவருகைக் காலத்தில் எங்கள் பங்கு ஆலயத்தில், குடிலுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி வைத்தோம். மேலே உண்டியலைப் போல ஒரு துளை. ‘குழந்தை இயேசுவுக்கு உங்கள் கடிதம்’ என்று மறைக்கல்வி ஆசிரியை ஒருவர் வண்ணத்தில் எழுதி ஒட்டினார். பிள்ளைகள் எழுதிக் குவித்தார்கள். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மாலை, மறையுரைக்கு ஏதாவது கிடைக்குமா என்று, கையில் அகப்பட்ட பத்துப் பதினைந்து கடிதங்களை எடுத்துப் படித்தேன். சைக்கிள், கிரிக்கெட் மட்டை, ரிமோட் கார், கணக்குப் பாடத்தில் தேர்ச்சி. ஒரு சிறுமி மட்டும், “இயேசப்பா, நல்லா இருக்கீங்களா? மாதா அம்மா, சூசையப்பர் எல்லாரும் நல்லா இருக்காங்களா?” என்று நலம் விசாரித்துவிட்டுப் பென்சில் பெட்டி ஒன்று கேட்டிருந்தாள். அதை நள்ளிரவுத் திருப்பலியில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மீதிக் கடிதங்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. அவற்றைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். அதற்கு முன், பிள்ளைகள் பெருநாளுக்குக் கடிதம் எழுதும் இந்த வழக்கம் எங்கே தொடங்கியது, எப்படி மாறியது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். இந்தக் கதையைப் படித்த பிறகுதான் என் பெட்டியைப் பற்றி எனக்கு உறுத்தல் வந்தது.

முதலில் ஒரு வியப்பு. தொடக்கத்தில் இந்தக் கடிதங்களில் எந்தப் பிள்ளையும் எதையும் கேட்கவில்லை.

18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பள்ளிகளில் ஒரு பழக்கம் இருந்தது. அச்சகத்தார் பெரிய தாள்களை விற்பார்கள். தாளின் நான்கு ஓரங்களிலும் படங்கள், பெரும்பாலும் விவிலியக் காட்சிகள், நடுவில் வெற்றிடம். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முன் அந்த வெற்றிடத்தில் மாணவன் தன் அழகான கையெழுத்தில் சில வரிகளை எழுத வேண்டும். ஓர் எழுத்து கோணக்கூடாது, மை சிந்தக்கூடாது. இந்த ஆண்டு பிள்ளை இவ்வளவு கற்றிருக்கிறான் என்று பெற்றோர் பார்த்து மகிழ்வதற்காக அது வீட்டுக்குப் போகும். அறப்பள்ளிகளில் படித்த ஏழைப் பிள்ளைகள் அதே தாளைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கள் பங்குக்குள் வீடு வீடாகப் போய்க் காட்டுவார்கள். பெரியவர்கள் சில்லறை கொடுப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது தொடர்ந்தது.

ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் பிள்ளைகள் பெற்றோருக்கே கிறிஸ்மஸ் கடிதமும் புத்தாண்டுக் கடிதமும் எழுதினார்கள். ஆண்டு முழுவதும் உணவும் உடையும் கல்வியும் தந்ததற்கு நன்றி. செய்த குறும்புகளுக்கு வருத்தம். இனி கீழ்ப்படிந்து நடப்பேன் என்ற வாக்குறுதி. பெற்றோர் நீடூழி வாழ இறைவனின் ஆசி. இவ்வளவுதான் கடிதம். சொற்களை ஆசிரியர் சொல்வார், பிள்ளை எழுதும்.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் இந்த வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பள்ளியில் வைத்தே பிள்ளைகள் புத்தாண்டுக் கடிதத்தை எழுதி, வீட்டில் யாருக்கும் காட்டாமல் ஒளித்து வைப்பார்கள். சனவரி முதல் நாளில் பெற்றோர் முன்பும், தங்களுக்குத் திருமுழுக்கில் பொறுப்பேற்ற ஞானத்தந்தை, ஞானத்தாய் முன்பும் நின்று உரக்க வாசிப்பார்கள். குட்டிப் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நிற்பதும் உண்டு. முடிவில், ‘உங்கள் குறும்புக்காரப் பிள்ளை’ என்ற பொருளில் செல்லமாகக் கையொப்பம் இட்டிருப்பார்கள். வாசித்து முடித்ததும் கைதட்டும், ஒரு முத்தமும், ஏதாவது ஒரு பரிசும் கிடைக்கும். நம்மில் எத்தனை பேர் ஞானப்பெற்றோரைத் திருமுழுக்கு நாளோடு மறந்துவிடுகிறோம்! அங்கே ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரு கடிதம் அந்த உறவைப் புதுப்பிக்கிறது.

“ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதியதில் பிள்ளையின் மனம் எங்கே இருக்கிறது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நான்கு வயதில் நாம் ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னோமே, பொருள் புரிந்தா சொன்னோம்? அம்மா சொன்னாள், நாமும் சொன்னோம். வார்த்தைகள் முதலில் வந்து காத்திருந்தன. பொருள் பல ஆண்டுகள் கழித்து, ஏதோ ஒரு துயரத்தின் நடுவில் வந்து சேர்ந்தது. நன்றி சொல்வதும் அப்படித்தான். பழக்கமாக நாவில் ஏறியது, ஒரு நாள் உண்மையாக நெஞ்சில் இறங்கும்.

சரி, பெற்றோருக்கு எழுதிய பிள்ளைகள் எப்போது விண்ணகத்துக்கு எழுதத் தொடங்கினார்கள்?

அன்பளிப்பின் பெருநாள் ஒரு காலத்தில் டிசம்பர் 6. புனித நிக்கொலாஸ் திருநாள். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டில் உள்ள மீரா நகரின் ஆயராக இருந்தவர். மூன்று பெண் மக்களுக்குச் சீதனம் கொடுக்க வழியில்லாமல் ஒரு தந்தை தவித்தபோது, இரவில் யாரும் அறியாமல் அவர் வீட்டுக்குள் பொற்காசுகளைப் போட்டுவிட்டு மறைந்தார் என்பது மரபு. இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தந்தை ஆயருக்கு மனு எழுதவில்லை. வெட்கம் அவர் வாயைக் கட்டிவிட்டது. ‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்கிறோம். அழக்கூடத் தெம்பில்லாத பிள்ளையின் வீட்டைத் தேடிப் போனவர் நிக்கொலாஸ்.

சீர்திருத்தக் காலத்தில் மார்ட்டின் லூத்தர், அன்பளிப்பு தருபவர் புனிதர் அல்ல, கிறிஸ்துவே என்று வலியுறுத்தினார். அப்படிப் பரவிய ‘குழந்தை இயேசு பரிசு கொண்டுவருகிறார்’ என்ற வழக்கத்தை, பிற்காலத்தில் பவேரியா, ஆஸ்திரியா போன்ற கத்தோலிக்கப் பகுதிகளும் தம்முடையதாக்கிக் கொண்டன. பிள்ளைகள் குழந்தை இயேசுவுக்குக் கடிதம் எழுதிச் சன்னல் விளிம்பில் வைத்தார்கள். இங்கிலாந்தில் கணப்பு அடுப்பில் போட்டார்கள்; கடிதம் புகையாகி மேலே போய்ச் சேரும் என்று நம்பிக்கை. நம் ஆலயத்தில் சாம்பிராணிப் புகை எழும்புவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பிள்ளைகளின் நினைவு வருகிறது.

அமெரிக்காவில் கடிதம் தலைகீழாகப் பயணம் செய்தது. அங்கே முதலில் கிறிஸ்மஸ் தாத்தாதான் பிள்ளைகளுக்கு எழுதினார். அதாவது, பெற்றோர் அவர் பெயரில் எழுதினார்கள். கவிஞர் லாங்ஃபெல்லோவின் மனைவி ஃபேனி, 1850-களில் தம் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் பெயரில் கடிதம் எழுதி, அந்த ஆண்டு அவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பாராட்டியும் கண்டித்தும் இருக்கிறார். 1871-ஆம் ஆண்டு டிசம்பரில் ஓவியர் தாமஸ் நாஸ்ட், ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ என்ற வார இதழில் ஒரு படம் வரைந்தார். தாத்தா மேசையருகே உட்கார்ந்து கடிதம் படிக்கிறார். பக்கத்தில் இரண்டு அடுக்குகள். ஒன்று, நல்ல பிள்ளைகளின் பெற்றோர் எழுதியவை. இன்னொன்று, குறும்புக்காரப் பிள்ளைகளின் பெற்றோர் எழுதியவை. இரண்டாம் அடுக்குதான் உயரம்!

அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஓர் இறையியல் மாணவனாக நான் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். கடவுளின் மேசையிலும் இப்படி இரண்டு அடுக்குகள் இருக்கின்றனவா? நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். ‘நான் நல்ல பிள்ளையாக இருக்கிறேன், நீர் இதைச் செய்யும்’ என்று நேர்த்திக்கடனைக்கூட வியாபாரம் ஆக்கிவிடுகிறோம். ஆனால் நல்லவர் வயலிலும் தீயவர் வயலிலும் ஒரே மழையைப் பெய்விக்கும் தந்தையைப் பற்றித்தான் ஆண்டவர் மலைப்பொழிவில் பேசினார். நாம் பாவிகளாய் இருந்தபோதே கிறிஸ்து நமக்காக இறந்தார் என்று பவுலடியார் உரோமையருக்கு எழுதினார். பெத்லகேமில் பிறந்த கொடை எந்த நன்னடத்தைக்கும் கிடைத்த கூலி அல்ல. அப்படியானால் பிள்ளை கடிதத்தில் எழுதும் ‘நல்ல பிள்ளையாக இருப்பேன்’ என்ற வரி எதற்கு? அதை விலையாக எண்ணினால் தவறு. பெற்ற அன்புக்குப் பிள்ளை தரும் பதிலாக எண்ணினால் அது அழகு.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கதை மறுபடியும் திரும்பியது. ஜெர்மனியில் பொம்மை வணிகர்கள் விருப்பப் பட்டியல் தாள்களை அச்சிட்டுக் கொடுக்கத் தொடங்கினார்கள். என்னென்ன பொம்மைகள் உண்டோ அவை அதிலேயே இருக்கும். பிள்ளை தேர்ந்தெடுத்தால் போதும். பழைய தாளின் ஓரத்தில் விவிலியக் காட்சி. புதிய தாளில் கடைச் சரக்கு. முன்பு கடிதத்தில் நன்றி இருந்தது, வேண்டுகோள் இல்லை. இப்போது வேண்டுகோள் இருந்தது, நன்றி போய்விட்டது. யாருக்கு எழுதுகிறோம் என்ற விளிகூட மெல்ல மெல்லத் தேவையற்றதாகிவிட்டது. இன்று நாம் கைப்பேசியில் ஒரு பொருளைத் தொட்டு ஆர்டர் செய்கிறோமே, அதற்கு ‘அன்புள்ள’ தேவையில்லை, ‘நன்றி’ தேவையில்லை. எதிரில் ஆள் இல்லை.

இந்த மாற்றங்களுக்கு நடுவில் ஒரு சிறுவனின் கடிதத்தை உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். 1934-ஆம் ஆண்டு. பவேரியாவில், இன் ஆற்றங்கரையில் ஆஷாவ் என்ற சிற்றூர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். ஊர்க் காவலர் ஒருவரின் வீட்டில் மூன்று பிள்ளைகள் குழந்தை இயேசுவுக்கு எழுதுகிறார்கள். பெரியவள் மரியா படங்கள் நிறைந்த புத்தகம் ஒன்று கேட்கிறாள். அடுத்தவன் கேயோர்க் இசைத்தாளும் வெண்ணிறப் பூசை உடையும் கேட்கிறான். ஏழு வயதுக் கடைக்குட்டி என்ன எழுதினான் தெரியுமா? நீர் விரைவில் உலகுக்கு இறங்கி வரப்போகிறீர் என்று தொடங்குகிறான். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி கொண்டுவருவீர், எனக்கும் கொண்டுவருவீர் என்கிறான். அதன் பிறகுதான் கேட்கிறான்: ஒரு திருப்பலி நூல், ஒரு பச்சைப் பூசை உடை, ஓர் இயேசுவின் திரு இருதயம். எப்போதும் நல்ல பிள்ளையாக இருப்பேன் என்று வாக்குக் கொடுத்து, வாழ்த்துச் சொல்லிக் கையொப்பம் இடுகிறான்: யோசேப் ராட்சிங்கர்.

ஆம், 2005-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரேதான். அந்தக் கடிதம் பிற்காலத்தில் ரேகன்ஸ்பூர்க் நகருக்கு அருகே பென்ட்லிங் என்ற இடத்தில் இருந்த அவருடைய வீட்டில் கண்டெடுக்கப்பட்டு, 2012-இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அவன் கேட்ட நூல், ஷோட் என்ற பெனடிக்ட் சபைத் துறவி 1884-இல் முதன்முதலாக வெளியிட்ட திருப்பலி நூலின் எளிய மக்கள் பதிப்பு. இலத்தீனில் நடந்த திருப்பலியை மக்கள் தம் ஜெர்மன் மொழியில் பின்தொடர உதவியது. நம் பாட்டிமார் ‘பூசைப் புத்தகம்’ என்பார்களே, அது போன்றது. பூசை உடை விளையாட்டுக்கு. அண்ணனும் தம்பியும் வீட்டில் ‘பூசை வைத்து’ விளையாடுவார்கள். நம் வீடுகளிலும் துண்டைப் போர்த்திக்கொண்டு அப்பளத்தை அப்பமாக உயர்த்திய சிறுவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

அந்தக் கடிதத்தில் என் மனத்தைத் தொடுவது அதன் வரிசை. முதலில், வருகிறவர் யார் என்று சொல்கிறான். இரண்டாவது, எல்லாப் பிள்ளைகளின் மகிழ்ச்சியையும் நினைக்கிறான். தன் தேவை மூன்றாவதாக வருகிறது. ஆண்டவர் கற்றுக்கொடுத்த செபத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் விளியில் தொடங்குகிறது: தந்தை. ‘என்’ தந்தை அல்ல, ‘எங்கள்’ தந்தை. அவருடைய பெயர், அவருடைய ஆட்சி, அவருடைய விருப்பம் என்று மூன்றும் சொன்ன பிறகுதான் நம் அன்றாட உணவு வருகிறது. அங்கே நாம் தரும் வாக்கு ஒன்றே ஒன்று, பிறரை மன்னிக்கிறோம் என்பது. ஒரு நல்ல பிள்ளை எழுதும் மரியாதையான கடிதத்தின் அமைப்பு அது. மரியாதை என்பது வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். எதிரில் ஓர் ஆள் இருக்கிறார், அவர் எனக்குக் கடன்பட்டவர் அல்ல, இருந்தும் என்னை நேசிக்கிறார் என்று அறிந்தவனுக்குத்தான் மரியாதையாகக் கேட்க வரும்.

இனி, பதில் வராத கடிதங்களின் கதை.

அமெரிக்காவில் பிள்ளைகள் கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு அஞ்சலில் எழுதத் தொடங்கியபோது, அஞ்சல்காரர் அவற்றை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்? பட்டுவாடா செய்ய முடியாத கடிதங்களை வாங்கி வைக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஓர் அலுவலகம் இருந்தது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால், ‘செத்த கடிதங்களின் அலுவலகம்’. பொம்மை கேட்ட கடிதங்களோடு, குளிருக்குக் காலணி கேட்ட கடிதங்களும், வீட்டுக்கு நிலக்கரி கேட்ட கடிதங்களும் அங்கே போய்ச் சேர்ந்தன. 1912-இல் அஞ்சல் துறைத் தலைவர் ஃபிராங்க் ஹிட்ச்காக், அந்தக் கடிதங்களை அஞ்சல் ஊழியர்களும் பொதுமக்களும் பிரித்துப் படித்துப் பதில் தரலாம் என்று அனுமதித்தார். ஒரு சட்டத் தளர்வு, அவ்வளவுதான். ஆனால் அதனால் செத்த கடிதங்கள் உயிர்த்தன.

அடுத்த ஆண்டே நியூயார்க் நகரில் ஜான் குளக் என்பவர் ஒரு சங்கம் தொடங்கி, அந்தக் கடிதங்களைப் பெற்று, உதவுவோரிடம் சேர்த்தார். பெரும் புகழ் கிடைத்தது, பணமும் குவிந்தது. பணம் எங்கே போகிறது என்று கேள்வி எழுந்து, 1928-இல் அஞ்சல் துறை அவருக்குக் கடிதம் கொடுப்பதை நிறுத்தியது. ஏழைப் பிள்ளையின் கடிதத்தை வைத்துப் பெயர் சம்பாதிக்கும் சோதனை நமக்குப் புதியதல்ல. உதவியைவிடப் புகைப்படம் பெரிதாக அச்சாகும் காலம் இது.

பிரான்ஸ் நாட்டில் 1962-இல் அஞ்சல் துறை அமைச்சராக இருந்தவர் ழாக் மரெத். கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு வரும் கடிதங்களுக்கு அரசே பதில் அனுப்பும் என்று ஏற்பாடு செய்தார். பதிலை எழுதித் தந்தவர் அவருடைய அக்கா, குழந்தை மனநல மருத்துவர் ஃபிரான்சுவாஸ் தொல்த்தோ. பின்னர் அந்தப் பணி லிபூர்ன் என்ற ஊருக்கு மாறியது. தொல்த்தோ எழுதிய பதிலில் ஒரு நேர்மை இருந்தது. உன் கடிதம் கிடைத்தது, எனக்கு மகிழ்ச்சி என்கிறார் தாத்தா. ஆனால் கேட்டதெல்லாம் வரும் என்று சொல்லவில்லை. எனக்கு வயதாகிவிட்டது, சில நேரம் தவறு செய்வேன், மன்னித்துக்கொள் என்கிறார். பிள்ளைகளின் மனத்தை அறிந்த அந்த மருத்துவருக்கு ஒன்று தெரிந்திருந்தது. கேட்டது கிடைக்காததைப் பிள்ளை தாங்கிக்கொள்ளும். தன் கடிதத்தை யாரும் படிக்கவே இல்லை என்பதைத்தான் தாங்காது.

அன்புக்குரியவர்களே, இப்போது என் பெட்டிக்கு வருகிறேன்.

சனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா முடிந்து குடிலைப் பிரித்தோம். அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடப் போன பீடச்சிறுவன், “ஃபாதர், உள்ள இன்னும் நிறைய இருக்கு” என்றான். அன்று இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். நோட்டிலிருந்து கிழித்த பாதித் தாளில் ஒரு கடிதம். “அன்புள்ள குழந்தை இயேசுவுக்கு, உங்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து. போன வருஷம் தம்பி பிறந்ததுக்கு நன்றி. எங்க வீட்டுக்கு கேரல் வந்ததே இல்ல. எங்க சந்துக்குள்ள வேன் வராதுன்னு சொல்றாங்க. எங்க வீடு சின்னது. வாசல்ல நின்னு பாடினாலே போதும். நன்றி.”

வாழ்த்து, நன்றி, வேண்டுகோள், மறுபடி நன்றி. எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுக்காத ஒரு மரியாதை. பணம் கேட்கவில்லை. பொருள் கேட்கவில்லை. பெட்டிக்கும் என் அறைக்கும் நடுவே நாற்பது அடி தூரம். அந்த நாற்பது அடியைக் கடக்க அந்தக் கடிதத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது. செத்த கடிதங்களின் அலுவலகம் வாஷிங்டனில் மட்டும்தான் இருந்தது என்று நினைத்தேனே!

அந்தச் சந்தை எனக்குத் தெரியும். கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஐந்தாறு வீடுகள். கேரல் குழுவினர் கெட்டவர்கள் அல்லர். ஒலிபெருக்கி வைத்த வேன் உள்ளே திரும்பாது, நேரம் ஆகிவிடும், அடுத்த அன்பியத்தில் காத்திருப்பார்கள். இப்படி ஒவ்வொரு ஆண்டும் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயங்களை எல்லாம் கேட்டுத் தலையாட்டியவன் நான். மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். அந்தத் தாய் கடுங்காப்பி கொடுத்தார். மகள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டபோது, “அதனால என்ன ஃபாதர், அடுத்த வருஷம் வாங்க” என்றார் தாய். கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

பத்துத் தொழுநோயாளர் கூவி வேண்டினார்கள். நன்றி சொல்லத் திரும்பி வந்தவர் ஒருவர் என்று லூக்கா எழுதுகிறார். பிள்ளைகளுக்கு அந்த ஒருவரின் பண்பை நாம் கற்றுக்கொடுக்க வேண்டும். இந்த வாரம் உங்கள் பிள்ளைகளை ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். முதலில் நன்றி, அடுத்து இன்னொருவருக்காக ஒரு வேண்டுதல், அதன் பிறகு தனக்காக. பிள்ளைகள் எழுதட்டும்; நீங்கள் திருத்த வேண்டாம். எழுத்துப்பிழை விண்ணகத்தில் பெரிய குற்றம் இல்லை. ஆனால் எழுதச் சொல்கிற நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. மகன் அப்பம் கேட்டால் கல்லைக் கொடுக்கும் தந்தை உண்டா என்று ஆண்டவர் கேட்டபோது, பிள்ளை கேட்பதைக் காதில் வாங்கும் தந்தையைத்தான் மனத்தில் வைத்திருந்தார். விண்ணகத் தந்தை அந்தக் கடிதங்களைப் படிக்க நம் கண்களைக் கடன் கேட்கிறார்.

இந்த ஆண்டு எங்கள் பெட்டியை ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் திறக்கிறோம். மறைக்கல்வி ஆசிரியர் இருவர் என்னோடு உட்கார்ந்து, ஒன்று விடாமல் படிக்கிறார்கள். கேரல் பவனி கால்வாய்க்கு அந்தப் பக்கமிருந்து தொடங்குகிறது. வேன் பிரதான சாலையிலேயே நிற்கும். நாங்கள் நடந்து போகிறோம்.

தந்தையே, கேட்பதற்கு முன் நன்றி சொல்லும் உள்ளத்தை எங்கள் பிள்ளைகளுக்குத் தாரும். அவர்கள் எழுதுவதைக் காலத்தோடு பிரித்துப் படிக்கும் கண்களை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.